அரை ஆயுள் 74 நாள்

ஆம்ப்ரோஸின் நிம்மதியைக் கெடுத்தது கதிரியக்கம் இல்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை ஒளித்து வைத்துப் படாரென்று உடைக்கிற சாமர்த்தியம் எனக்கு வேண்டாம். அந்தச் சாமர்த்தியத்தால்தான் இவ்வளவும் வந்தது.

1998-ல் நான் பெங்களூரில் ஒரு தமிழ் மாலைப் பேப்பரில் உதவி ஆசிரியன். சொந்தக்காரர்கள் இதைப் பெரிய பதவி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஏஜென்சி அனுப்புகிற ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கித் தலைப்புப் போடுவதுதான் வேலை. காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்றரைக்குள் பக்கம் முடிந்தாக வேண்டும். அதற்குப் பிறகு எனக்குப் பேச ஆள் கிடையாது. நான் ஒண்டிக்கட்டை; அல்சூரில் ஒரு அறையும் ஒரு ஸ்டவ்வும்தான் குடும்பம்.

அந்த வருஷம் மே மாதம் பொக்ரானில் குண்டு வெடித்துப் பார்த்தார்கள். அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ‘அணு’ என்று ஒரு சொல் இருந்தால் போதும், எந்தச் செய்தியும் முதல் பக்கத்துக்கு ஏறிவிடும். ஜூலை இருபதாம் தேதி, திங்கட்கிழமை, ஏஜென்சியிலிருந்து ஆறு வரி வந்தது. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில், முந்தின நாள் ஞாயிறு விடுமுறையில், கொதிகலன் குழாய்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிக்கல் ஏற்பட்டதாம்.

சோதனை என்றால் எக்ஸ்ரே மாதிரிதான். குழாயைப் பற்றவைத்த இடத்தில் உள்ளே ஓட்டை விரிசல் இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு இரிடியம் என்ற உலோகத்தில் மிளகளவு துணுக்கு ஒன்று, தூக்கவே சிரமமான கனத்த பெட்டிக்குள் இருக்கும். பெட்டிக்குக் கேமரா என்று பெயர், துணுக்குக்கு சோர்ஸ் என்று பெயர். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால் சோர்ஸ் ஒரு குழல் வழியாக வெளியே போய், படம் எடுத்துவிட்டு, பெட்டிக்குள் திரும்பிவிடும். அன்று அது திரும்பவில்லை, நசுங்கிய குழலில் சிக்கிக்கொண்டது. ஆம்ப்ரோஸ் என்ற டெக்னீஷியன் கயிறு கட்டி யாரையும் கிட்டே விடாமல் நின்றார். நான்கு மணி நேரத்தில் அதிகாரிகள் வந்து துணுக்கை உள்ளே தள்ளிவிட்டார்கள். யாருக்கும் பாதிப்பில்லை. கடைசி வரியில் இரிடியத்தின் ‘ஹாஃப் லைஃப்’ 74 நாள் என்று ஒரு தகவல்.

இந்த ஆறு வரியை நான் பதினொரு வரியாக்கினேன். எங்கள் தலைமை உதவி ஆசிரியர் பச்சைமுத்து, “பீதி வேணும்யா, பீதி இல்லாம என்ன முதல் பக்கம்” என்றார். ‘ஹாஃப் லைஃப்’ என்றால் என்ன என்று மேஜைக்கு மேஜை கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘அரை ஆயுள்’ என்று படித்தது நினைவுக்கு வந்தது. அதையே தலைப்பில் போட்டேன்: ‘பொம்மசந்திராவில் கதிரியக்கப் பீதி: அரை ஆயுள் 74 நாள்!’ செய்தியின் கடைசி இரண்டு வாக்கியங்கள் இப்படி இருந்தன: ‘ஜோகுபாளையத்தைச் சேர்ந்த ஊழியர் ஆம்ப்ரோஸ் (38) மட்டும் அருகில் இருந்ததாகக் கூறப்படுகிறது. அரை ஆயுள் 74 நாட்கள் என்று விஞ்ஞானிகள் தெரிவித்தனர்.’

யாருடைய அரை ஆயுள் என்று நான் எழுதவில்லை. தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நிற்கும். எவ்வளவு வசதியான மொழி பாருங்கள். முந்தின வாக்கியத்தில் இருந்த ஆம்ப்ரோஸ் தானாகவே அடுத்த வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார். அச்சான அன்று சாயங்காலத்திலிருந்து அந்த அரை ஆயுள் அவருடையது.

பத்து நாள் கழித்து அவரே ஆபீசுக்கு வந்தார். ஒல்லியான, கறுத்த மனிதர். சட்டைப் பையில் அடையாள அட்டை மாதிரி ஒரு பட்டை குத்தியிருந்தது. சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து நான் தயாராக இருந்தேன். அவரோ எங்கள் பேப்பரை எடுத்து மேஜைமேல் விரித்தார். என் பதினொரு வரியிலும் பென்சில் கோடு.

“சார், இதுல நாலு வரி அளந்து சொன்னது. ஏழு வரி ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘அஞ்சப்படுகிறது’. கூறினது யாரு, அஞ்சினது யாருன்னு மட்டும் தெரிஞ்சிக்கலாம்னு வந்தேன்.”

பதினெட்டு வருஷமாக ‘கூறப்படுகிறது’ எழுதிய கை என்னுடையது. அதற்குள் ஆள் யாரும் இல்லை என்பதை அன்றுவரை ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏஜென்சியில் அப்படி வந்தது என்று சொன்னேன். முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால், டீ சாப்பிடலாம் வாருங்கள் என்று அழைத்துக்கொண்டு போனேன்.

பக்கத்து பேக்கரியில் காரா பன்னும் டீயும் வாங்கினேன். அவர் தன் பன்னைப் பாதியாகப் பிய்த்தார். “எழுபத்துநாலு நாள்ல சோர்ஸோட வீரியம் இவ்ளோ ஆகும்.” மறுபடியும் பாதி. “அடுத்த எழுபத்துநாலுல இவ்ளோ. அவ்ளோதான் சார் ஹாஃப் லைஃப். அது மனுசன் ஆயுசு இல்ல.” மீதி பன்னை என் பக்கம் தள்ளியவர், கையால் தராமல் காகிதத்தோடு நகர்த்தினார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அப்போ உங்க உடம்புல இப்ப ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டேன். படித்தவன் கேட்கிற கேள்விதான்.

“டார்ச் அடிச்சா மொகத்துல வெளிச்சம் படும் சார். டார்ச்ச அணைச்சப்புறம் மொகம் எரியுமா? எம்மேல அன்னிக்குப் பட்டதே கொஞ்சம். இந்த பேட்ஜ் அதைக் கணக்கு சொல்லிடும். டெஸ்டுக்கு அனுப்பிட்டு வேற ஒண்ணு குடுத்திருக்காங்க.” சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார்.

அதன் பிறகு நாங்கள் பல தடவை சந்தித்தோம். குற்ற உணர்ச்சியில் ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. அவருக்கும் அப்போது பேச வேறு ஆள் இல்லை.

கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவர் அவர். அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். தூசு நுரையீரலை அடைத்து நாற்பத்தொன்பது வயதில் போய்விட்டார். பையன் சுரங்கத்துக்குப் போக மறுத்து ஐ.டி.ஐ. முடித்து, பம்பாயில் போய் இந்தக் கேமரா வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டு பெங்களூருக்கு வந்தார். இவ்வளவு ஆபத்தான வேலைக்கு எப்படிப் போனீர்கள் என்று கேட்டேன். “எங்கப்பாவக் கொன்னத அளக்கறதுக்கு மீட்டர் இல்ல சார். இதுக்கு இருக்கு” என்றார். மீட்டர் முள் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே நிற்பார், அதற்கு ஒரு அடி முன்னால் போகமாட்டார். பதினாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் கணக்குத் தப்பியதில்லை.

கல்யாணம் முப்பத்தாறு வயதில். மனைவி மௌரீன், அதே தங்கவயல் பெண், பாலர் பள்ளி ஆசிரியை. தினம் சாயங்காலம் அவர் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டுவது அவள்தான். “இன்னிக்கு எவ்ளோ?” என்று கேட்பாளாம். “கொசுக்கடி அளவு” என்பாராம். வளைகாப்பு முடிந்து, ஜூன் மாதமே தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். எங்கள் பேப்பர் மறுநாள் காலை ரயிலில் தங்கவயலுக்குப் போகும். மௌரீனின் அப்பா இராஜமாணிக்கம், சுரங்க டைம் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் பேப்பரை விளம்பரம் உட்பட எழுத்து விடாமல் படிக்கிறவர்.

ஜோகுபாளையத்தில் என்ன நடந்தது என்று கேட்டால், யாரும் அடிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. வீட்டுக்கார அம்மா தனலக்ஷ்மி மரியாதையாகத்தான் கேட்டார்: துணியைப் பொதுக் கொடியில் காயப்போட வேண்டாம், தனியாக ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள் தம்பி, எழுபத்து நான்கு நாள்தானே. ஆம்ப்ரோஸ் கயிறு கட்டிக்கொண்டார். தெருவில் இரண்டு கட்சி. எழுபத்து நான்காம் நாள் இவர் செத்துப்போவார் என்றது ஒன்று, அதுவரை இவரிடமிருந்து மற்றவர்களுக்கு ஒட்டும் என்றது இன்னொன்று. டீக்கடையில் எல்லாருக்கும் கண்ணாடி கிளாஸ், இவருக்கு மட்டும் பிளாஸ்டிக் கப். “தனி கிளாஸ் எங்க தாத்தா பாத்தது சார்” என்றார் என்னிடம். “அதுக்கு வேற காரணம் சொன்னாங்க. இதுக்கு விஞ்ஞானம்.” அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனியில் பேட்ஜ் ரிப்போர்ட் வரும் வரை வெளிவேலை வேண்டாம் என்று பழைய ஃபிலிம்களை அடுக்கும் அறையில் தனியாக உட்காரவைத்தார்கள். சர்ச்சில் அவர் உட்காரும் பெஞ்சில் அவர் மட்டும்தான்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி பெண் குழந்தை பிறந்தது. தனலக்ஷ்மி அம்மா வீட்டு போன்தான் அவர் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்திருந்த பி.பி. நம்பர். அந்த அம்மா போனை ஜன்னலில் எடுத்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். மாமனார் சொன்னது இரண்டே விஷயம். தாயும் பிள்ளையும் சுகம். மாப்பிள்ளை எழுபத்து நான்கு நாள் முடிந்து வந்தால் போதும். பேசி முடித்ததும் அந்த அம்மா ரிசீவரை டெட்டால் போட்டுத் துடைத்ததை இவர் படியில் நின்று பார்த்தார்.

மறுநாள் தங்கவயலுக்குப் போகத்தான் செய்தார். இராஜமாணிக்கம் வாசலிலேயே நிறுத்தினார். கையில் என் செய்தி, கத்தரித்து அட்டையில் ஒட்டியது. இது தப்பு மாமா என்று இவர் சொன்னதற்கு, தப்பென்றால் பேப்பரில் போடட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். மாமியார் ஜன்னல் வழியாகக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார். “மொகம் தெரில சார். போர்வ தெரிஞ்சிது. மஞ்சப் போர்வ.” மௌரீன் கட்டிலில் இருந்திருக்கிறாள், வெளியே வரவில்லை. அவளும் அப்பா சொல்வதைத்தான் நினைக்கிறாள் என்று இவர் எடுத்துக்கொண்டார். அவளைக் கேட்கவில்லை. அதன் பிறகு அவருக்கு ஒரே பிடிவாதம்: பேப்பர் தப்பைத் திருத்த வேண்டும், அந்தத் திருத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அந்த வாசலை மிதிப்பேன்.

ஆகஸ்ட் கடைசியில் பேட்ஜ் ரிப்போர்ட் வந்தது. வருஷத்துக்கு இவ்வளவு வாங்கலாம் என்ற அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமனார் நம்புவது பேப்பரைத்தான், இது வெறும் டைப் அடித்த தாள் என்பது அவர் வாதம்.

ஆக, எல்லாம் என் மேஜைக்கே வந்தது. நான் பச்சைமுத்துவிடம் கேட்டேன். மறுப்புப் போட்டால் நாம் பொய் போட்டோம் என்று ஆகிவிடும் என்றார். இரண்டாவது தடவை கேட்டேன், உனக்கு என்ன கமிஷனா என்றார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் செப்டம்பர் பாதி போய்விட்டது. எனக்குப் பயம் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நாற்பத்து நான்கு வயதில் வேலை போனால் வேறு பேப்பர் எடுக்காது. ஆம்ப்ரோஸ் ஒரு தடவையும் அவசரப்படுத்தவில்லை. வருவார், ‘எடிட்டர் சார்’ என்பார், டீ குடிப்பார், நாளை எண்ணிச் சொல்லிவிட்டுப் போவார். ஐம்பத்தைந்து. அறுபத்தொன்று. அவர் நாள் சொல்லிவிட்டுப் போன பிறகு மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்காது.

செப்டம்பர் கடைசி வாரம் பச்சைமுத்து ஊருக்குப் போனார். ஆயுத பூஜை இதழை நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் திருட்டுத் தைரியத்தில் ஏழாம் பக்கத்தில் ஒரு ‘விளக்கம்’ வைத்தேன். ரொம்ப யோசித்து, அவருடைய பன்னையும் டார்ச்சையும் மனதில் வைத்து, நான்கு வாக்கியம் எழுதினேன்:

‘ஜூலை 20 செய்தியில் குறிப்பிட்ட 74 நாள் என்பது இரிடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம். அடுத்த 74 நாளில் மீதியில் பாதி குறையும். இப்படியே குறைந்துகொண்டு போகுமே தவிர ஒரேயடியாக அற்றுப்போவதில்லை. இது அந்த உலோகத் துணுக்கின் கணக்கு மட்டுமே; கதிர் பட்ட மனிதர் கதிர் வீசமாட்டார், எனவே ஊழியர் ஆம்ப்ரோஸால் யாருக்கும் எந்த ஆபத்தும் எப்போதும் இருந்ததில்லை.’

முக்கியமானதைக் கடைசியில் வைத்தேன். மனதில் நிற்கட்டும் என்று. பதினெட்டு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன் செய்கிற காரியமா இது? பேப்பரில் இடம் போதவில்லை என்றால் கீழே இருந்துதான் வெட்டுவார்கள். பக்கம் கட்டுகிறவர் செய்தியைப் படிப்பதில்லை, அடியிலிருந்து எத்தனை வரி போனால் விளம்பரம் உட்காரும் என்றுதான் பார்ப்பார். கடைசி நேரத்தில் ஒரு லேத் பட்டறையின் ஆயுத பூஜை வாழ்த்து வந்திருக்கிறது. என் நான்காவது வாக்கியம் போய்விட்டது. நானோ மூன்றாம் பக்கத்தில் மூழ்கியிருந்தேன், அச்சான பிரதியை எடுத்துப் பார்க்கவில்லை.

ஆம்ப்ரோஸும் முழுதாகப் படித்திருக்கமாட்டார். ‘விளக்கம்’ என்ற தலைப்பையும் ‘ஜூலை 20’ என்பதையும் பார்த்தவர் அப்படியே கத்தரித்துக்கொண்டார். அக்டோபர் இரண்டு, காந்தி ஜெயந்தி விடுமுறை. அன்றுதான் எழுபத்து நான்காம் நாள். நீங்களும் வந்தால் மாமனாருக்கு நம்பிக்கை வரும் என்று என்னையும் கூப்பிட்டார்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாரிக்குப்பம் பாசஞ்சர் ஏறினோம். விடுமுறை நாள், சீட் நிறையக் காலி. அவர் உட்காராமல் கதவருகே நின்றுகொண்டே வந்தார். வாங்க, உட்காருங்க என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பரவாயில்லை என்றார். கையில் ஒரு சின்ன உல்லன் தொப்பி. குழந்தை பிறந்த மறுநாள் வாங்கியதாம். ஐம்பத்தொரு நாள் குழந்தைக்கு அது பற்றாது என்று கல்யாணம் ஆகாத எனக்கே தெரிந்தது.

பங்காரப்பேட்டை தாண்டியதும் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து போய்ச் சொன்னேன். “ஏஜென்சி இல்ல ஆம்ப்ரோஸ். அத எழுதினது நான்தான்.”

“தெரியும் சார். மொத நாளே தெரியும். ஏஜென்சிக்காரன் எனக்கு ஏன் டீ வாங்கித் தரப்போறான்?” வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

லைன் வீடுகளுக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை மாதிரி கிடந்தது. இராஜமாணிக்கம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துச் சுவரில் நாள்காட்டி, அக்டோபர் இரண்டு வரை பென்சிலால் அடித்திருந்தது. என்னைப் பற்றி ஆம்ப்ரோஸ் சொன்னதும் எழுந்து கும்பிட்டார், நாற்காலியை எனக்குக் கொடுத்தார். பிறகு மடியிலிருந்து புதன்கிழமைப் பேப்பரை எடுத்தார். ஏழாம் பக்கம். என் விளக்கத்தின் கீழ் அவரும் பென்சில் கோடு போட்டிருந்தார்.

“நீங்களே போட்டுக்கீறீங்க சார். பாதிதான் கொறயும். ஒரேயடியா அத்துப்போறதில்லன்னு. அப்ப மிச்சப் பாதி?”

அப்போதுதான் நான் அந்தப் பிரதியைப் பார்த்தேன். மூன்று வாக்கியம். அதற்குக் கீழே லேத் பட்டறையின் வாழ்த்து. நான் செய்த தப்பாவது ஆம்ப்ரோஸுக்கு எழுபத்து நான்கு என்று ஒரு முடிவைக் கொடுத்திருந்தது. நான் செய்த திருத்தம் அந்த முடிவையும் பிடுங்கிக்கொண்டது.

வெட்டுப்பட்ட வரியை வாயால் சொன்னேன். டார்ச்சைச் சொன்னேன். கதிர் பட்டவர் கதிர் வீசமாட்டார், துணுக்கு இவர் உடம்புக்குள் போகவே இல்லை, இவரால் யாருக்கும் எதுவும் வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அது பேப்பர்ல இல்லியே சார்” என்றார். பிறகு மருமகனைப் பார்த்து, தணிந்த குரலில் பேசினார். “மாப்ள, தப்பா எடுத்துக்காத. உங்கப்பாவயும் பாத்தேன், எங்க அண்ணனயும் பாத்தேன். எல்லாரும் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க. உள்ள போனது வெளிய வர்ல. இன்னொரு எழுபத்துநாலு நாள் போவட்டும். கால்வாசி ஆயிடும்.”

அந்த மனிதரை முட்டாள் என்று திட்டத்தான் நான் வாயைத் திறந்தேன். திட்ட முடியவில்லை. முப்பது வருஷம் டைம் ஆபீசில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே வந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகப் பதிவேட்டிலிருந்து அடித்தவர் அவர். ஆம்ப்ரோஸ் தொப்பியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார்.

உள்ளேயிருந்து மௌரீன் வந்தாள். தோளில் குழந்தை, மஞ்சள் போர்வை. அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

“பேட்ஜ் ரிப்போர்ட் வந்துச்சா?”

ஆம்ப்ரோஸ் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மடிப்பு கிழிகிற அளவுக்கு நைந்துபோயிருந்தது. அவள் ஒரு கையால் பிரித்து எண்ணைப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள்.

“ஆகஸ்ட்லயே வந்திருக்கு. இத்தினி நாளா பாக்கெட்லயே வெச்சினு இருந்தீங்களா?”

“மாமா பேப்பர்ல வந்தாத்தான் நம்புவேன்னாரு.”

“அப்பா சொன்னாரு. நான் சொன்னேனா?” குரல் உயரவில்லை. “தெனம் நான்தான அதக் கழட்டி மாட்டுவேன். ஒரு கவர்ல போட்டு எனக்கு அனுப்பியிருக்கலாமே. அப்புறம் நீங்க வர்லன்னதும், ரிப்போர்ட்ல என்னமோ இருக்குது, அதான் மறைக்கறீங்கன்னு நெனச்சி நான் அழுதுக்கினு கெடந்தேன்.”

எழுபத்து நான்கு நாளில் அவர் என்னிடம் வந்தது இருபது தடவைக்குக் குறையாது. அவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. உண்மையை ஊருக்கெல்லாம் சொல்ல அலைந்த மனிதர், கேட்கக் காத்திருந்த ஒரே ஆளை மறந்துபோனார். அதற்குத் துணை போனவன் நான்.

மௌரீன் படியிறங்கி வந்து குழந்தையை நீட்டினாள். இராஜமாணிக்கம் எழுந்தார், ஆனால் தடுக்கவில்லை.

ஆம்ப்ரோஸ் இரண்டடி பின்னால் போனார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

“கையக் கழுவிட்டு வர்றேன்” என்றார்.

வீட்டுப் பக்கவாட்டில் தண்ணீர் டிரம் இருந்தது. தங்கவயலில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தடவைதான். அவர் சோப்பு எடுத்து முழங்கை வரை தேய்த்தார், ஒரு மொந்தை ஊற்றினார், மறுபடி தேய்த்தார், மறுபடி ஊற்றினார். பிறகு முகம், கழுத்து. ஒரு மொந்தை வீணானால் கத்துகிற மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். டார்ச்சை அணைத்தால் முகம் எரியுமா என்று கத்தலாம் போல எனக்கு இருந்தது. ஆனால் அந்த வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். மீட்டர் முள்ளைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர், எழுபத்து நான்கு நாள் பிளாஸ்டிக் கப்பில் டீ குடித்து, தனிக் கயிற்றில் துணி காயப்போட்டு, கடைசியில் என் செய்தியை நம்பிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிட வேலை போயிருக்கலாம்.

நான்காவது தடவை சோப்பை எடுத்தபோது மௌரீன் போய் அவர் கையிலிருந்த மொந்தையை வாங்கி டிரம்முக்குள் போட்டு மூடியைப் போட்டாள். ஈரம் சொட்டுகிற கைகளிலேயே குழந்தையை வைத்தாள். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு அழுதது. அவர் பதறிப்போய் அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். மௌரீன் வாங்கிக்கொள்ளவில்லை.